வீட்டு மகாலட்சுமி பேரில் ஒரு கார்

அந்தக் கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அன்று எனக்கு முதலில் பட்டது அதன் நாற்றம்தான். கதவைத் திறந்ததும் எலுமிச்சையும் மல்லிகையும் கலந்த ஏதோ ஒரு சென்ட் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. நனைந்த துணியை வாளியிலேயே மறந்துவிட்டு இரண்டு நாள் கழித்து எடுத்தால் வருமே, அது. இடுப்பில் இருந்த குழந்தையின் முகத்தைச் சட்டென்று என் தோள் பக்கம் திருப்பிக்கொண்டேன். உடனே என்னையே கடிந்துகொண்டேன். எதை யார் கொடுத்தாலும் மோந்து பார்க்கிற புத்தி எனக்கு. பால் பாக்கெட்டிலிருந்து பக்கத்து வீட்டுப் பாயசம் வரை.

காரைக் கொண்டுவந்தவர் என் நாத்தனாரின் கணவர். நாத்தனாரை நான் அண்ணி என்பேன், அவரை அண்ணா என்பேன். பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து, பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் மேலே வந்தவர். என் மாமியார் வீட்டுக்கு அவர் ஒரே மாப்பிள்ளை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வீட்டு டேபிள் ஃபேன் அவர் பக்கம் திரும்பும், மற்றவர்கள் வியர்த்துக்கொண்டே பரிமாறுவார்கள். மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டு, அந்த வீட்டில் யாரும் 'முடியாது' என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் இங்கிலாந்தில் சில வருடம் இருந்துவிட்டுக் குழந்தையோடு பெங்களூருக்குத் திரும்பி, தொம்மலூரில் வாடகைக்கு வீடு பிடித்திருந்த சமயம் அது. குழந்தைக்கு இரண்டு வயது. கார் கிடையாது. தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தோம். நான் மறுபடியும் வேலைக்குச் சேர ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்காணல் முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இன்னாம்மா அப்டி பாக்கற? ஜப்பான் வண்டி. கதவு தானா தொறக்கும், தானா மூடும். நம்ம பாப்பாவுக்கு மாமா குடுக்கறது," என்றார் அண்ணா. "ரெண்டு வருஷம் நீங்க ஓட்டுங்க. பெட்ரோல் மட்டும் போட்டுக்கோங்க. அதுக்கப்புறம் நான் வித்துக்கறேன்."

"வண்டி யார் பேர்ல மாமா?" என்று கணவர் கேட்டார்.

"உன் பொண்டாட்டி பேர்ல. வீட்டு மகாலட்சுமிடா அவ. பாப்பா பொறந்த நேரம் உனக்கு ப்ரொமோஷன் வந்துச்சா இல்லியா? அவ பேர் ராசி. என் பேர்ல எடுத்த வண்டி ஒண்ணாவது வெளங்கிச்சா, கேளு உங்க அக்காவ."

அண்ணி சிரித்தார். "இவர் பேர்ல எடுத்த வண்டி எல்லாம் மெக்கானிக் பேர்ல எடுத்த மாதிரிதான்."

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் வீட்டுப் பெண்ணின் பேரில் வாங்குவது வழக்கம். என் அப்பாவின் ஸ்கூட்டர்கூட அம்மா பேரில்தான் இருந்தது. அம்மா அதை ஒரு நாளும் ஓட்டியதில்லை, ஆனால் ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கொஞ்சம் கூச்சமாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நம்பர் பிளேட் இல்லையே அண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதான் கண்ணாடியில டெம்பரவரி நம்பர் ஒட்டியிருக்கேன்ல. நீ ஒரு நாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து நிக்கணும், அவ்ளோதான். 'இது நான் இங்கிலாந்துல ஓட்டின வண்டி, திரும்பி வரும்போது கொண்டாந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லி ஒரு கையெழுத்து. மத்த பேப்பர் எல்லாம் நம்ம கன்சல்டன்ட் பாத்துப்பாரு."

"நாங்க அங்க கார் வெச்சிக்கலையே அண்ணா. பஸ்லதானே போய் வந்தோம்."

"அது ஆர்.டி.ஓ.காரனுக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சு பிரியாணிக்குப் போய்விட்டது.

வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் அங்கே தான் வைத்திருந்த காரை வரி கட்டிக் கொண்டுவர அரசாங்கம் இடம் கொடுக்கிறது. மற்றபடி, இன்னொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்த காரை யாரும் நினைத்தபடி இறக்கி இங்கே ஓட்டிவிட முடியாது. விளக்கு, பிரேக், புகை, சீட் பெல்ட் எல்லாம் இந்த நாட்டு விதிக்குப் பொருந்துகின்றனவா என்று சோதித்த சான்றிதழ் வேண்டும். அன்று மாலையே இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டேன். அப்படியானால் அண்ணாவுக்குத் தேவைப்பட்டது வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு ஆள். அது புரிந்தது. புரியாதது ஒன்றுதான். திரும்பி வந்தது நான் மட்டும் இல்லை, கணவரும்தான். வேலை அவருடையது, விசா அவருடையது. பிறகு ஏன் என் பேர்?

கணவரிடம் கேட்டேன். "அதான் சொன்னாரே, உன் பேர் ராசின்னு. இதுக்கெல்லாம் காரணம் தேடாத," என்றார். நான் தேடாமல் இருக்கப் பார்த்தேன்.

பூஜையை அந்த வெள்ளிக்கிழமையே வைத்துவிட்டார்கள். "பதிவு ஆகட்டுமே, அப்புறம் பூஜை போடலாம்," என்று சொல்லிப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "நாள் நல்லா இருக்கு, நீ எதுக்கும் தள்ளிப்போடாத," என்றார். அல்சூர் பக்கம் ஒரு பிள்ளையார் கோவில் வாசலில் வரிசையாக வண்டிகள் நின்றன. குருக்கள் என் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சங்கல்பம் செய்தார். பானெட்டில் சந்தனம், கண்ணாடியில் குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். அண்ணா என் கையில் சாவியைக் கொடுத்து, அதைக் குருக்கள் தட்டில் வைத்து எடுக்கச் சொல்லி, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, கணவர் மெதுவாக நகர்த்தினார். சக்கரங்களுக்கு அடியில் பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது. ஒவ்வொரு அத்தையும் மாமாவும் கைகூப்பிய படமும் பூச்செண்டுப் படமும் அனுப்பினார்கள். அரசாங்கத்துக்கு அந்த வண்டி இன்னும் பிறக்கவே இல்லை. பிள்ளையாருக்கும் குடும்பத்துக்கும் அது என் வண்டி ஆகிவிட்டது.

அதன் பிறகு அதை ஓட்ட ஆரம்பித்தோம். சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. குழந்தை மட்டும் அவளைப் போலவே ராகம் போட்டுச் சொல்லப் பழகிவிட்டாள். ரேடியோவில் பெங்களூர் நிலையம் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஜப்பான் அலைவரிசை வேறாம், கரகரவென்று வெறும் இரைச்சல்தான் வந்தது. முதலில் எனக்கும் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. வண்டியைக் குறட்டை விடுகிற விருந்தாளியைப் போல நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நாற்றம் போகவில்லை. ஈரத்துடைப்பான் தாள்களால் ஒவ்வொரு இருக்கையாகத் துடைத்தேன். தாள் முதலில் பழுப்பாக வந்தது, பிறகு கறுப்பாக. ஏ.சி.யைப் போட்டால் இன்னும் அடர்த்தியாக வந்தது. வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கணினியில் அடித்துப் பார்த்தாள். திரும்பவும் அடித்தாள்.

"எங்க சிஸ்டத்துல இந்த வண்டி இல்லை மேடம். நம்பரே சின்னதா இருக்கு. இண்டியாவுக்குச் செஞ்ச மாடல் இல்ல இது. நாங்க தொட மாட்டோம்."

"ஏ.சி. மட்டுமாவது?"

"ஏர்பேக்ல கோளாறுன்னு கம்பெனி வண்டிகள ரீகால் பண்ணாக்கூட எங்களுக்குத் தெரியாது மேடம். சாரி."

வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தேன். "வெளிய யாராவது மெக்கானிக் பாப்பான் விடு," என்றார். ஏர்பேக் பற்றி அவள் சொன்னதை இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை, "சரி சரி," என்றார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். பெரிதுபடுத்துகிறேன் என்றே முடிவும் செய்தேன்.

அந்த முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரை நீடித்தது.

இங்கிலாந்திலிருந்து நாங்கள் உண்மையாகவே கொண்டுவந்த பொருள்களில் ஒன்று குழந்தையின் கார் சீட். அதைப் பின் இருக்கையில் பொருத்த உட்கார்ந்தேன். அதன் கொக்கிகளை மாட்ட, இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இரண்டு இரும்பு வளையங்கள் இருக்க வேண்டும். ஒன்று கையில் பட்டது. இன்னொன்று கோணிப்போய் உள்ளே புதைந்திருந்தது. சீட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. ஏன் என்று பார்க்க, காலடிக் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். பசை விட்டு, தோல் உரிவது போல் பிரிந்து வந்தது.

அடியில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை தரைத்தகட்டில் ஒரு தழும்பு ஓடியது. கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக வெல்டிங். அதற்கு முன்னால் இருந்த தகடு வெள்ளை. பின்னால் இருந்தது நீலம். நடுவில் துரு, காய்ந்த சேறு, யாருடைய தலைமுடியோ ஒரு கற்றை, பூஞ்சை முளைத்து ஒட்டிக்கிடந்த ஒரு மிட்டாய். இரண்டு வேறு வேறு வண்டிகளின் பாதியும் பாதியும். இருக்கைக்கு அடியில் தழும்பு வளைந்து போகிற இடத்தில்தான் அந்தக் கோணல் வளையம் இருந்தது. என் குழந்தை உட்கார வேண்டிய இடத்தில்.

 வெளியே வந்து செடித்தொட்டி மண்ணில் கையைத் தேய்த்துத் துடைத்தேன். 

கணவரைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். அவர் போன் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தார்.  பிறகு கம்பளத்தை இழுத்து முன்பிருந்தது போலவே போட்டு, செருப்புக் காலால் ஓரத்தை அழுத்தி அழுத்தி ஒட்டவைத்தார். அந்தக் காலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளாக அவர் செய்த எதுவும் எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

"மாமாவ கேக்கலாம்," என்றார்.

அங்கேயே நின்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். அண்ணா மறைக்கக்கூட இல்லை.

"இதெல்லாம் அப்டிதாம்மா வரும். முழு வண்டியா எறக்குனா கஸ்டம்ஸ்காரன் வரி தீட்டிருவான். ரெண்டா அறுத்து, ஸ்பேர் பார்ட்ஸ்னு கொண்டாந்து, எந்தப் பாதி நல்லா இருக்கோ அத இங்க நம்ம ஷெட்டுல ஒட்டறதுதான். நம்ம வெல்டர் ஒட்டுனா ஒரிஜினல விட ஸ்ட்ராங்கு."

"பாப்பா உக்கார்ற இடம் அண்ணா அது."

"அப்போ மடியில வெச்சிக்க. நாங்கல்லாம் கார் சீட்டுலயா வளந்தோம்? பிந்தாஸா வளரலையா?"

"யாராவது பின்னாடி வந்து இடிச்சா வண்டி ரெண்டாப் போயிடும் அண்ணா."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு? பூஜ போட்ட வண்டிம்மா."

திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது மாமியார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கற்பூரம் காட்டின வண்டியைத் திருப்பிக் கொடுப்பது வீட்டுக்கு ஆகாது என்றார். அதுவும் மாப்பிள்ளை கையால் வாங்கினதை.

அடுத்து வந்த நாட்களில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. மனம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போனது. அந்த வண்டி என் பேரில் பதிவாகி, சிக்னலில் யாரையாவது மோதிவிட்டால்? இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்து, பொய் சொல்லிப் பதிவு செய்த வண்டிக்குக் காசு தர முடியாது என்று போய்விட்டால், அடிபட்டுக் கிடப்பவருக்கு யார் பதில் சொல்வது? சுங்க இலாகா வந்தால் வண்டியைத்தான் எடுத்துப் போவார்களா, என்னையுமா? வேலைக்குச் சேரும் முன் அந்த நிறுவனம் என் பின்னணியை விசாரிக்கும். ஒரு வழக்கு இருந்தால் போதும், கதவு மூடிவிடும். இன்னொரு பக்கம், ஒரு கையெழுத்துக்காக ஒரு குடும்பத்தையே கலைக்கிறேனோ என்றும் தோன்றியது. அண்ணி என் பிரசவ சமயத்தில் விமானம் ஏறி வந்து, பத்தியம் சமைத்துப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டியவர். எனக்கு நன்றி இல்லையோ?

கடைசியில், சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். அண்ணா உடனே ஒத்துக்கொண்டார். "சும்னே பயப்படாத. நம்ம கன்சல்டன்டையே கேளு. லா படிச்சவரு."

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பக்கவாட்டு அறை அவருடைய ஆபீஸ். கணவரும் அண்ணாவும் நானும் போனோம். குழந்தையை விட்டுவிட்டு வர நினைத்தேன். அண்ணாதான், "பாப்பாவையும் தூக்கிக்கோ, நல்ல சகுனம்," என்றார். கன்சல்டன்ட் மேஜைமேல் மசால் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டபடியே எங்களை உட்காரச் சொன்னார். அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"ஹேளி மேடம், என்ன டவுட்டு?"

"இது ரெண்டு வண்டிய ஒட்டினது. இங்க சோதனை பண்ண சர்டிபிகேட்டும் இல்ல. நான் இங்கிலாந்துல இத ஓட்டினதும் இல்ல. கஸ்டம்ஸ் பிடிச்சா என்ன ஆகும் சார்?"

"புடிக்க மாட்டாங்க."

"பிடிச்சா?"

"வண்டிய எடுத்துட்டுப் போவாங்க. போனா போகுது. அது சாரோட நஷ்டம், உங்களுக்கென்ன?"

"கேஸ்?"

"கேஸ் உங்க மேல வரும். நீங்கதானே கொண்டாந்தேன்னு எழுதிக் குடுக்கறீங்க." அவர் விரலை நக்கிக்கொண்டார். "பயம் பேடா மேடம். அதுக்குத்தான் ஜென்ட்ஸ் பேரே வேணாம்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன். ஆம்பளைய உள்ள வெச்சா வெளிய எடுக்கறது தலைவலி. லேடீஸ்னா அவ்ளோ கஷ்டம் இல்ல. அதுலயும் கையில கொழந்தை இருக்கற லேடீஸ்னா ஜட்ஜே பாவம் பாப்பாரு. ஜல்தி பெயில் குடுத்து வெளிய விட்டுடுவாரு. பழகின வழி இது."

இப்படிச் சொல்லிவிட்டு மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி, புளித்தண்ணீர் ஒட்டியிருந்த விரல்களால் என் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்.

"இந்தப் பட்டுக்குட்டிதான் நமக்கு பெயிலு. ஏன்டா செல்லம்?"

குழந்தை சிரித்தாள். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற வயது.

அண்ணா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மகாலட்சுமி, ராசி, பாப்பா பிறந்த நேரம் என்று அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குள் திரும்ப ஓடியது. ஏன் என் பேர் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இதுதான் பதில். என் இடுப்பில் ஒரு குழந்தை இருந்ததுதான் என் ராசி.

நான் கணவரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"இல்ல... இப்பதான் கேக்கறேன்," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. உண்மையாகவே அப்போதுதான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் நம்புகிறேன். சில நாள் அந்தச் செருப்புக் கால் நினைவுக்கு வருகிறது.

மேஜைமேல் என் போட்டோக்களும் ஆதார் நகலும் அண்ணா ஏற்கனவே கொடுத்து வைத்த பாஸ்போர்ட் நகலும் கிளிப் போட்டுக் கிடந்தன. எடுத்துப் பைக்குள் போட்டேன். கிளிப் கழன்று கீழே விழுந்தது. அதை மட்டும் பொறுக்கி மேஜைமேல் வைத்தேன், ஏனென்றால் அது கன்சல்டன்டுடையது. இப்படிப்பட்ட நேரத்திலும் அடுத்தவர் பொருளை அவரிடமே வைக்கிற புத்தி எனக்குப் போவதில்லை.

"நான் வரமாட்டேன் அண்ணா. என் பேர் வேணாம்."

"பூஜ போட்டாச்சும்மா."

"கற்பூரம் காட்டினா வெல்டிங் ஒட்டிக்காது அண்ணா."

அண்ணா என்னிடம் பேசவில்லை. என் கணவரைப் பார்த்துப் பேசினார். "இன்னாடா சொல்றா உன் பொண்டாட்டி? லண்டன்ல பஸ்சுல சுத்திட்டு வந்து எனக்கு சட்டம் சொல்றா. நீ சொல்லு. நீ என்ன சொல்ற?"

கணவர் ஆரம்பித்தார். "மாமா, அவ சொல்றது..." அந்த வாக்கியம் முடியவில்லை. முடியும்வரை நானும் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, வந்த முதல் ஆட்டோவில் ஏறினேன்.

வழியெல்லாம் அந்தக் கன்னத்தைத் துடைத்தேன். தாள் தாளாக எடுத்துத் துடைத்தேன். புளி போய்விட்டது, அப்புறமும் துடைத்தேன். குழந்தை வலியில் அழத் தொடங்கியபோதுதான் நிறுத்தினேன். கன்னம் சிவந்து தடித்திருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "யாக்கம்மா, மகு அளுத்திதே?" என்று அதட்டினார். குழந்தையை ஏன் அழவிடுகிறாய் என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் ஒரு ஓட்டுநர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். பானெட்டில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. மாமியார் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கிருந்து தினமும் தன் மகனைப் போனில் கூப்பிட்டு, மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று அழுதார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட காலை வணக்கத்துக்கு யாரும் பதில் போடவில்லை. அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நானே சில முறை யோசித்தேன். 'வேணாம்னு சொன்னதுக்கு இல்லண்ணா, சொன்ன விதத்துக்கு' என்று ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அப்புறம் அந்த விரல்கள் கண்ணுக்குள் வரும். வாக்கியம் தொண்டையிலேயே புளித்துப்போகும்.

ஆனால் அண்ணியை நினைத்தால் பயமாக இருந்தது. நான் மறுத்த பேருக்குப் பதிலாக அண்ணா அடுத்து எடுக்கக்கூடியது அவர் பேராகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் பிரசவத்துக்கு வந்து போன முத்திரை அவர் பாஸ்போர்ட்டிலும் இருந்ததே. பத்தியம் சமைத்துப் போட்ட பெண். அவரை எச்சரிக்காமல் விட்டால் நான் தப்பித்ததில் என்ன இருக்கிறது? கணவர் ஆபீஸ் போன பிறகு போன் செய்தேன்.

"சொல்லும்மா," என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பின்னால் எதையோ தாளிக்கும் சத்தம்.

"அண்ணி, கோபப்படாம கேளுங்க. அந்த வண்டிய உங்க பேர்ல மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. பொம்பளை பேர் எதுக்குக் கேக்கறாங்கன்னு அந்த கன்சல்டன்ட் வாயாலயே கேட்டேன். ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. மாட்டினா பெயில் ஈசியா கிடைக்குமாம். கைக்குழந்தை இருந்தா இன்னும் ஈசியாம். அதுக்குத்தான் என்ன..."

"தெரியும்," என்றார் அண்ணி.

தாளித்ததைக் குழம்பில் கொட்டும் சத்தம் கேட்டது, பிறகு அவரே தொடர்ந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் பேர்ல, வேற வேற பேப்பர்ல, எத்தனை வண்டி ஓடுதுன்னு எனக்கே தெரியாது. சின்னவன் கைக்குழந்தையா இருந்தப்ப ஆரம்பிச்சது. இப்ப அவனுக்கு மீச மொளைச்சிருச்சு. அதான் உன்ன கேட்டோம்."

"அண்ணி, நீங்க பாப்பாவ குளிப்பாட்டினீங்க."

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன? எனக்கு ஒண்ணும் ஆகல இல்ல இத்தன வருஷத்துல? உனக்கும் ஆயிருக்காது. சரி விடு, நீ முடியாதுன்னுட்ட. படிச்சிருக்க, வேலைக்குப் போகப் போற, சொல்ல முடியுது."

"அப்ப அந்த வண்டி?"

"அதெல்லாம் ஆள் கெடச்சாச்சு. சிங்கப்பூர்ல நர்சா இருந்துட்டுத் திரும்பி வந்த பொண்ணாம். கையில பச்சக் கொழந்தை. இவர் ஃப்ரெண்டுக்கு ஏதோ சொந்தம்."

"யாரு அண்ணி அது? எந்த ஏரியா? பேர் என்ன?"

"உனக்கு எதுக்கு? உன் பேர் இல்லல்ல," என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை. குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை கணவர் வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னேன். அந்தப் பெண் யாரென்று உங்கள் மாமாவிடமோ அக்காவிடமோ கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் நிலைப்படியிலேயே நின்றார். "நம்மதான் வெளிய வந்துட்டோமே. இன்னும் எதுக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, கேக்கறேன்," என்றார்.

அவர் இன்னும் கேட்கவில்லை. நான் தினமும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.